வில் கொடுத்தவனே தகப்பன்: தோடர் மணமுறை சொல்வது என்ன?

நீலகிரி மலையின் தோடர் சமூகத்தில் திருமணம் எப்படி அமைந்திருந்தது, எப்படி மாறியது என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். தோடர் என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருபவை மூன்று: வளைந்த கூரையுடைய குடில், சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை, அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம். முதல் இரண்டையும் நாம் வியந்து பாராட்டுகிறோம். மூன்றாவதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம், அல்லது சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் பெரிய அறியாமை இருக்கிறது. சில நூறு பேர் மட்டுமே கொண்ட ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்தது என்ற கேள்விக்கு அந்த மணமுறையில் தெளிவான விடை இருக்கிறது. யார் யாரோடு வாழ்வது என்பதைவிட, பிறக்கப்போகும் குழந்தைக்கு இந்தச் சமூகத்தில் எந்த இடம் என்பதையே தோடர் மணமுறை முதன்மையாகக் கேட்டது. அந்த ஒரு கேள்வியைத் தளராமல் பற்றிக்கொண்டதால்தான் மற்ற எல்லாவற்றிலும் அவர்களால் வளைந்துகொடுக்கவும் பிறகு மாறவும் முடிந்தது. இதுவே என் வாதம்.

இந்த வாதத்துக்கு வேண்டிய சான்றுகள் நமக்கு நிறையவே கிடைத்திருக்கின்றன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தங்கி ஆய்வு செய்து, 1906இல் தோடர்களைப் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார். யார் யாருக்கு மகன், யார் யாரை மணந்தார் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு வம்சாவளிப் பட்டியல் தயாரிப்பது அவருடைய முறை. அதில் ஒரு சிக்கல் இருந்தது. இறந்துபோன முன்னோரின் பெயரைத் தோடர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். ஆகவே ஒரு குடும்பத்தின் கொடிவழியை அந்தக் குடும்பத்தாரிடம் கேட்காமல் வேறு குடும்பத்தாரிடம் கேட்டுத் திரட்டினார். அப்படி எழுபதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் சேர்ந்தன. ஏறக்குறைய அந்தச் சமூகம் முழுவதும் அவற்றுக்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டாரும் மற்ற எல்லா வீடுகளின் உறவையும் இவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருந்தார்கள் என்பதே ஒரு சான்றுதான். பிறகு 1930களில் மொழியியலாளர் எமனோ வந்தார். தந்தைவழிக் குலங்களைத் தவிர, தாய்வழியிலும் தோடர்களிடம் குலங்கள் உண்டு, அவையும் திருமணத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்பதை 1937இல் எழுதினார். ரிவர்ஸின் கண்ணில் படாத செய்தி அது. 1960களிலிருந்து ஆந்தனி வாக்கர் செய்த ஆய்வு, பழைய வழக்கங்களில் எது போயிற்று, எது நின்றது என்பதைக் காட்டியது.

அமைப்பை முதலில் பார்ப்போம். தோடர் சமூகம் இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிந்தது. ரிவர்ஸ் அவற்றைத் தார்த்தரோல், தெய்வலியோல் என்று குறித்தார். ஒரு பிரிவினர் மறு பிரிவில் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதுமில்லை. ஆனால் வழிபாட்டில் இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. மிகப் புனிதமான எருமை மந்தைகளும் பால்கோயில்களும் தார்த்தரோலுக்கு உரியவை. அங்கே பூசாரியாக இருந்து பால் கறந்து தயிர் கடையும் பொறுப்போ தெய்வலியோல் ஆண்களுடையது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல தந்தைவழிக் குலங்கள் இருந்தன. ஒரு குலத்துக்கு மந்துகள் எனப்படும் சில குடியிருப்புகள், சில மந்தைகள், சில கோயில்கள் சொந்தம். குலத்துக்குள் மணமில்லை. தாய்வழிக் குலம் ஒன்றாக இருந்தாலும் மணமில்லை. பெரியப்பா சித்தப்பா மக்களும் பெரியம்மா சித்தி மக்களும் உடன்பிறந்தார் போலக் கருதப்பட்டார்கள். மாமன் மகள், அத்தை மகள்தான் முறைப்பெண். இது நமக்குப் புதிதன்று. தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியச் சமூகங்கள் பலவற்றில் வேரோடிய உறவுமுறையே இது. சுற்றிலும் இருந்த கோத்தர், படுகர், குறும்பர், இருளரோடு பாலும் நெய்யும் தானியமும் பாண்டமும் கருவிகளும் இசையும் பரிமாறிக்கொண்டாலும், அவர்களோடு தோடர் மண உறவு வைத்துக்கொள்ளவில்லை.

இந்த விதிகளை எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் கனம் புரியும். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தோடர் மொத்தம் 805 பேர்: ஆண்கள் 451, பெண்கள் 354. தொட்டில் குழந்தை முதல் தள்ளாத பாட்டி வரை எல்லோரும் அந்த 354க்குள் அடக்கம். இரண்டு பிரிவுகளில் சிறியதான தெய்வலியோலில் ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பிரிவு இல்லை என்று கொண்டால், பெண்கள் சுமார் 118 பேர். சிறுமியரையும் முதியவர்களையும் கழித்தால் பாதிதான் மிஞ்சும். அதில் தன் குலத்துப் பெண்கள் போக, தாய்வழிக் குலத்துப் பெண்கள் போக, தங்கை முறையாகிறவர்கள் போக, நாற்பது பேர் தேறினால் அதிகம். அந்த நாற்பது பேரில் ஏறக்குறைய எல்லோரும் ஏற்கெனவே மணமானவர்கள். இது நான் போட்டுக் காட்டும் தோராயக் கணக்குதான். ஆனால் உண்மை நிலை இதைவிட நல்லதாக இருந்திருக்க வழியில்லை. ஒரு குலம் பெருத்து இன்னொன்று சிறுத்துவிட்டால் நிலைமை இன்னும் இறுகும். பெரிய சமூகத்தில் வாழும் நாம், மணத்துணையைத் தேடுவது என்றால் கடலில் வலை வீசுவது என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். தோடர் இளைஞனுக்கு அந்தக் கடல் இல்லை. அவனுக்குரிய பெண்கள் யார் யார் என்பது அவன் பிறந்த அன்றே ஊருக்குத் தெரியும்.

இந்த நெருக்கடிக்குத் தோடர் கண்ட முதல் வழி, காலத்தை முந்திக்கொள்வது. பையனுக்கு இரண்டு மூன்று வயதிருக்கும்போதே தந்தை முறைப்பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார். நல்ல நாள் பார்த்து மகனை அழைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். பையன் அங்கே பெண்ணின் தாய் தந்தையர் முன்னும் உடன்பிறந்த ஆண்கள் முன்னும் குனிந்து, அவர்களுடைய காலைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு வணங்குவான். பிறகு அரையில் கட்டும் சிறு துணி ஒன்றைப் பெண்ணுக்குக் கொடுப்பான். அவ்வளவுதான் சடங்கு. அதன்பின் ஆண்டுக்கு இருமுறை அந்தத் துணி போய்க்கொண்டிருக்க வேண்டும். பெண் வளர வளரத் துணியும் பெரிதாகும். பிற்பாடு போர்வையாகவே மாறும். பெண் பருவமடைந்து பதினைந்து பதினாறு வயதானபின் கணவன் வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். இடையில் ஏற்பாட்டை முறிக்க வழி உண்டு. முறிப்பவர்கள் எருமை தண்டம் செலுத்தவேண்டும். கவனியுங்கள், இத்தனைக்கும் நடுவில் தாலி போன்ற ஒன்று இல்லை, தீ வலம் இல்லை, பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும் கணமும் இல்லை. இருவரும் சேர்ந்து வாழத் தொடங்குவதைத் தோடர் பெரிய நிகழ்ச்சியாகக் கொண்டாடவில்லை. பெரிய நிகழ்ச்சி பிறகுதான் வருகிறது.

பெண் கருவுற்று ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் அது நடக்கிறது. உறவினர் கூடி, கணவனும் மனைவியும் மந்துக்கு அருகிலுள்ள சோலைக்குப் போகிறார்கள். அங்கே நாவல் குடும்பத்து மரம் ஒன்றைத் தேர்ந்து, அதன் அடித்தண்டில் மாடம் போல ஒரு குழி வெட்டி, அதில் நெய் விளக்கு ஏற்றி வைக்கிறார்கள். கணவன் ஒரு குச்சியை வளைத்து வில்லாகவும் ஒரு புல்லை அம்பாகவும் செய்து மனைவியிடம் கொடுக்கிறான். அவள் அதைப் பெற்று நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்தபடி இருக்கிறாள். பிறகு விருந்து. வேட்டையோ போரோ செய்யாத, ஆயுதம் ஏந்தாத ஒரு மேய்ப்பர் சமூகத்தில் இந்தப் புல் அம்பும் குச்சி வில்லும்தான் மிகக் கனமான பத்திரம். வில்லைக் கொடுத்தவனே பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன். குழந்தை அவனுடைய குலம்; அவனுடைய மந்தும் மந்தையும் கோயிலும் அதற்கு உரிமை. கரு யாரால் உண்டானது என்பதை எவரும் கேட்பதில்லை.

இதன் விரிவைச் சில நிலைகளில் வைத்துப் பார்க்கலாம். அண்ணன் தம்பிகள் ஒரே மனைவியோடு ஒரே மந்தில் வாழ்ந்தால், மூத்தவர் வில் கொடுப்பார்; எல்லோரும் தகப்பன்மாரே, ஒரே குலமாகையால் சிக்கல் இல்லை. கணவன்மார் உடன்பிறந்தவர்களாக இல்லாமல் வெவ்வேறு மந்துகளில் இருப்பவர்களானால், மனைவி ஒவ்வொருவரோடும் மாதம் ஒருவராக முறைவைத்து வாழ்வாள். அப்போது ஒருவர் வில் கொடுப்பார். முதல் இரண்டு மூன்று குழந்தைகள் அவருடையவை. அதன்பின் ஒப்பந்தப்படி இன்னொருவர் வில் கொடுப்பார். அடுத்துப் பிறப்பவை அவருடையவை. வில் கொடுத்தவர் இறந்துபோய், வேறு யாரும் வில் கொடுக்காத நிலையில் பல ஆண்டு கழித்து ஒரு குழந்தை பிறந்தாலும், இறந்தவரே அதற்குத் தகப்பன். கணவன் என்று யாரும் இல்லாத பெண் கருவுற்றால், வில் கொடுக்க ஓர் ஆணைத் தேடிப் பிடிப்பார்கள். வில் இல்லாமல் குழந்தை பிறப்பதுதான் பெரிய இழுக்கு. அதாவது, தகப்பன் பெயர் இல்லாத குழந்தை என்ற ஒன்று உருவாவதற்கே இந்த முறை இடம் வைக்கவில்லை. சட்டப்படி பிறந்தவர், பிறழப் பிறந்தவர் என்று குழந்தைகளைத் தரம் பிரித்து, பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டித்த நாகரிகங்கள் உலகில் எத்தனையோ. அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சான்றுகள் என் வாதத்தை உறுதிப்படுத்துகின்றன. இரண்டு பிரிவுகளுக்கிடையே மணமில்லை என்று சொன்னேன். ஆனால் ஒரு பிரிவைச் சேர்ந்த ஆணும் மறு பிரிவைச் சேர்ந்த பெண்ணும், ஊரறிய, முறையான ஏற்பாட்டின்பேரில் துணைவர்களாக இருப்பதற்குத் தோடர் வழக்கம் அனுமதித்தது. அந்தத் துணைவன் துணி கொடுக்கலாம், வந்து தங்கலாம். ஒன்றை மட்டும் செய்யமுடியாது: அவன் அவளுக்கு வில் கொடுக்கமுடியாது. அவளுக்குப் பிறக்கும் குழந்தை அவளுடைய கணவனின் குலத்தையே சேரும். பிரிவுகளுக்கு இடையிலிருந்த கோடு ஆண் பெண் உறவின் மேல் இழுக்கப்படவில்லை. குழந்தையின் குலத்தின் மேல்தான் இழுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இரண்டாவது, சாவுச் சடங்கு. மணம் நிறைவேறாமல் ஒரு சிறுமி இறந்துபோனால், அந்த ஈமச்சடங்கிலேயே முறையுள்ள ஒரு பையன், சில நேரம் மிகச் சிறிய பையன், அவளுக்கு வில் கொடுக்கவேண்டும். அதன்பிறகே அவள் மறுவுலகுக்கு அனுப்பப்படுகிறாள். சமூகத்தில் இடம் பெறாமல் ஒருவரும் வரவும் கூடாது, போகவும் கூடாது.

ஆக, நாம் திருமணம் என்ற ஒரே சொல்லுக்குள் கட்டிப்போட்டிருக்கும் மூன்று பொருள்களைத் தோடர் தனித்தனியாக வைத்திருந்தனர். சேர்ந்து வாழ்வது ஒன்று. பிள்ளை பெறுவது ஒன்று. பிள்ளைக்குத் தகப்பனாவது ஒன்று. சேர்ந்து வாழ்வதில் நெகிழ்ச்சி. பிள்ளை பெறுவதில் விசாரணை இல்லை. தகப்பனாவதில் மட்டும் தளர்த்த முடியாத கண்டிப்பு. ஒரு மனைவி ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு மாறுவதற்கும் வழி இருந்தது. அவளைக் கேட்கும் ஆண் ஊர்ப் பஞ்சாயத்தை அணுகுவான். பஞ்சாயத்து எத்தனை எருமை ஈடு என்று தீர்மானிக்கும். அதைப் பெற்றுக்கொண்டு பழைய கணவன் விலகிக்கொள்வான். நாற்பது பேரே தேறக்கூடிய ஒரு வட்டத்தில், மனைவியை இழந்தவனும் வயது பொருந்தாமல் கட்டப்பட்டவர்களும் மறுபடி துணை தேட வேறு வழி இல்லை. இறுக்கமான மண எல்லையும் இளகிய மண வாழ்வும் ஒன்றையொன்று தாங்கின. ஒன்றை மட்டும் தனியே பிடுங்கி எடுத்துவைத்து ஒழுக்கம் பேசினால் எதுவும் விளங்காது.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு, பலகணவர் மணம் என்பது பெண் பற்றாக்குறையின் விளைவு மட்டுமே, பெண் சிசுக்கொலை செய்தார்கள், பெண் குறைந்தது, பங்கிட்டுக்கொண்டார்கள், இதில் சமூக ஞானம் எங்கே வந்தது என்பது. பெண் சிசுக்கொலை நடந்தது உண்மை. அதை மூடி மறைப்பது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. 1871 கணக்கெடுப்பில் 405 ஆண்களுக்கு 288 பெண்கள்தான் இருந்தார்கள். அதாவது 100 பெண்களுக்கு 140 ஆண்களுக்கும் மேல். 1901இல் அது 127 ஆகக் குறைந்தது. கொலை குறையக் குறையப் பெண்கள் பெருகினார்கள் என்பது தெளிவு. ஆனால் பெண்கள் பெருகியபோது என்ன ஆயிற்று? பற்றாக்குறை மட்டுமே காரணமென்றால், ஒருவனுக்கு ஒருத்தி என்ற நிலைக்குத் தோடர் உடனே நகர்ந்திருக்கவேண்டும். ரிவர்ஸ் கண்டது வேறு. அண்ணன் தம்பிகள் ஒரு மனைவிக்குப் பதில் இரண்டு மனைவியரை எடுத்துக்கொண்டு, கூட்டாகவே வாழ்ந்த குடும்பங்கள் பல. அந்தக் கூட்டுக்குள் ஒவ்வொருவரும் ஒருத்தியைத் தனக்கென்று கருதும் போக்கு பிறகே மெல்லத் தலைகாட்டியது. பற்றாக்குறை இந்த மணமுறையை நெருக்கியது. அதன் வடிவத்தை அது மட்டுமே தீர்மானிக்கவில்லை.

அப்படியானால் சொத்து சிதறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் சொல்வார்கள். இமயமலைச் சரிவுகளில், ஜான்சார், கின்னோர் போன்ற பகுதிகளில், சகோதரர் கூட்டுமணம் பயிர்நிலம் துண்டாடப்படாமல் காத்தது என்பது பொருத்தமான விளக்கம். தோடரோ ஏர் பிடித்தவர்கள் அல்லர். மேய்ச்சல் நிலம் குலத்துக்குப் பொது. எருமை பெருகும் செல்வம். அண்ணன் தம்பிகள் பிரிந்தால் மந்தையும் பிரியலாம், ஆளுக்கு நாலு எருமை என்று ஓட்டிக்கொண்டு போகலாம், வயலைத் துண்டு போடுவது போன்ற நட்டம் அதில் இல்லை. மந்தையைப் பேண ஆண்கள் ஒன்றாக இருப்பது வசதி என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் கூட்டாக மேய்ப்பதற்குக் கூட்டாக மணம் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. தோடர் மணத்தின் மையத்தில் வில் சடங்கை வைத்துப் பார்த்தால்தான் எல்லாக் கூறுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சொத்தை மையத்தில் வைத்தால் பாதி விளக்கமின்றி நிற்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இந்த ஏற்பாட்டில் பெண்ணின் விருப்பம் எங்கே? தொட்டிலிலேயே பேசி முடிக்கப்படுகிறாள்; வளர்ந்தபின் எருமைக்கு ஈடாக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றப்படுகிறாள்; பஞ்சாயத்தில் ஆண்கள் அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்த மறுப்பை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. தோடர் பெண்களுக்குப் பல துணைவர் இருந்ததாலேயே அவர்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று சில வெளிநாட்டுப் பயணிகள் எழுதியது மேலோட்டமான பார்வை. பால்கோயிலுக்குள் பெண் நுழையக்கூடாது. எருமை அவளுக்குச் சொத்தாகாது. மன்றத்தில் அவளுக்குக் குரல் இல்லை. குழந்தைக்கு இடம் தருவதில் அவ்வளவு கருத்தாக இருந்த முறை, குழந்தையைச் சுமந்தவளின் சொல்லுக்கு அதே கருத்தைக் காட்டவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். தோடர் சமூகத்தில் கணவனை விட்டு இன்னொருவனிடம் போன பெண் கெட்டவள் ஆகவில்லை. விதவை மூலையில் உட்கார்த்தப்படவில்லை. கற்பு என்ற பெயரால் எந்தப் பெண்ணும் கொல்லப்படவில்லை. பெண்ணின் சம்மதம் தோடர் முறையில் விடுபட்டுப்போனது. நம்முடைய முறையிலோ அது விடுபட்டதோடு, அவள் மேல் தண்டனையும் ஏற்றப்பட்டது. அவர்களைத் திருத்தப் புறப்படுமுன் இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நேர்மை.

மூன்றாவது மறுப்பு மருத்துவம் சார்ந்தது. இவ்வளவு சிறிய வட்டத்துக்குள், அதுவும் மாமன் மகள் அத்தை மகள் என்று மணந்தால் சமூகம் நோயுற்று அழியாதா? நெருங்கிய உறவில் மணப்பதால் சில பரம்பரை நோய்களின் வாய்ப்புக் கூடுகிறது என்பது மருத்துவ உண்மை. 1952இல் அரிவாள் அணுச் சோகை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். இருப்பினும் தோடர் எண்ணிக்கை வீழ்ந்ததற்கான காரணத்தை அவர்களுடைய மணமுறையின் தலையில் ஏற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1901இல் 800ஐத் தாண்டியிருந்தவர்கள், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய 500 பேராகச் சுருங்கினார்கள். குடியேற்ற ஆட்சியில் உதகை நகரமும் படைமுகாமும் வளர்ந்தபோது பரவிய பால்வினை நோய்களும், அவற்றால் வந்த மலட்டுத்தன்மையும் இதில் பெரும்பங்கு வகித்தன. 1950களில் முறையான மருத்துவம் மந்துகளைத் தேடிவந்த பிறகு பிறப்பு விகிதம் உயர்ந்தது. தோடர் சமூகத்திலேயே பிறந்து செவிலியராகப் பயின்ற ஈவாம் பில்ஜெயின் அம்மையாரின் உழைப்பு இதில் மறக்கமுடியாதது. 2011 கணக்கெடுப்பில் தோடர் சுமார் 2,000 பேர். அறுபது ஆண்டுகளில் நான்கு மடங்கு. இந்த உயர்வு குல விதிகளைக் கைவிட்டதால் வந்ததன்று. நோயைத் தீர்த்ததால் வந்தது. தந்தைவழி, தாய்வழி என்று இரண்டு பக்கமும் குலத்தை விலக்கும் விதி, மிக நெருங்கிய சில உறவுகளையாவது தானே தடுத்துவைத்தது என்பதையும் சொல்லவேண்டும். இனி வேண்டியது மணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனையும் அவர்கள் மொழியறிந்த ஆலோசகரும்தான்.

இதற்கிடையில் பலகணவர் மணம் என்ன ஆயிற்று? யாரும் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்களுடைய வழக்கமே அவர்களுக்குச் சட்டம். அப்படியிருந்தும் கூட்டுமணம் தேய்ந்து மறைந்தது. பெண் சிசுக்கொலை நின்று ஆண் பெண் எண்ணிக்கை நெருங்கியது. மேய்ச்சலோடு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிடும் வாழ்க்கை வந்தது. பள்ளியும் நகரமும் அண்டை மக்களின் பார்வையும் சேர்ந்துகொண்டன. வாக்கர் ஆய்வு செய்த காலத்திலேயே அது அருகிவிட்டது. இன்றைய தோடர் குடும்பம் ஒரு கணவன் ஒரு மனைவி என்றே அமைகிறது. குழந்தைப் பருவத்து ஏற்பாட்டின் பிடியும் தளர்ந்திருக்கிறது. ஆனால் வில் கொடுக்கும் சடங்கு போகவில்லை. இன்றும் சோலை மரத்தில் மாடம் வெட்டி விளக்கேற்றுகிறார்கள். புல் அம்பும் குச்சி வில்லும் கைமாறுகின்றன. அதுவே அவர்களுக்குத் திருமண விழா. குல விலக்கும் நிற்கிறது. எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால், எது அவர்களுக்கு உயிர்நிலை என்பது தெரிந்துவிடும். வெளியார் எல்லோரும் தோடர் மணத்தின் சாரம் என்று எண்ணிய ஒன்று போய்விட்டது. சாரம் அப்படியே இருக்கிறது.

நான்காவது மறுப்பு நம் காலத்தின் மறுப்பு. ஒரு சமூகம் தனக்குள்ளேயே மணப்பதை இப்படி விளக்கி நியாயப்படுத்தினால், சாதிக்குள் மணம் என்பதையும் நியாயப்படுத்தியதாகாதா? இதற்கு என் விடை ஐயத்துக்கு இடமற்றது: ஆகாது. 2,000 பேர் கொண்ட மக்கள், தம் மொழியும் வழிபாடும் கரைந்துபோகாமல் காக்க வைத்திருக்கும் எல்லை ஒன்று. இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் ஆட்களும் நிலமும் அதிகாரமும் வைத்திருக்கும் சாதி, தனக்குக் கீழே என்று கருதும் ஒருவர் மேலே வந்துவிடாமல் தடுக்க வைத்திருக்கும் எல்லை வேறொன்று. முன்னது அழிவச்சத்தில் எழுந்தது; பின்னது ஆதிக்கத்தில் எழுந்தது. எல்லையைத் தாண்டியவரை என்ன செய்கிறார்கள் என்பதே இரண்டையும் பிரித்துக்காட்டும் உரைகல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோடர் சிலர் கிறித்தவம் தழுவினர். அவர்களும் அவர்கள் வழிவந்தோரும் வெளியாரோடு மணம் செய்துகொண்டனர். சடங்குகளிலும் குல உரிமையிலும் அவர்களுக்குப் பங்கில்லாமல் போயிற்று. அது வருத்தத்துக்குரிய இழப்புதான். ஆனால் தண்டவாளத்தில் பிணமாக யாரும் கிடக்கவில்லை. நம் ஊர்களில் காதலித்ததற்காகப் பிள்ளைகளைக் கொல்பவர்கள் தோடர் வழக்கத்தைத் துணைக்கு அழைக்க எந்த உரிமையும் இல்லை. தோடர்களுக்குள்ளேயே இரண்டு பிரிவுகளுக்கிடையே நிற்கும் மணத்தடைக்கு என் வாதம் அரண் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை குறைந்த சமூகத்துக்கு அந்தத் தடை கூடுதல் சுமை. அதைத் தளர்த்துவதா என்பது அவர்களுடைய இளைஞர்கள், முக்கியமாகப் பெண்கள், பேசி முடிவெடுக்கவேண்டியது.

நண்பர்களே, சிறு சமூகங்களின் மணமுறையை எடைபோட நாம் இதுவரை பயன்படுத்திய கேள்வி, ஒருத்திக்கு எத்தனை கணவர் என்பது. அந்தக் கேள்வி ஆர்வத்தைத் தீர்த்ததே தவிர அறிவைத் தரவில்லை. அதற்குப் பதில் இரண்டு கேள்விகளை முன்வைக்கிறேன். இந்த முறையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குறையில்லாத இடம் கிடைக்கிறதா? இந்த முறைக்குள் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறதா? முதல் கேள்வியில் தோடரின் பழைய முறை, பெரும் சட்டப் புத்தகங்கள் வைத்திருந்த அரசுகளைக் காட்டிலும் மேலாகத் தேறியது. இரண்டாவதில் தவறியது, இப்போதுதான் அதைத் திருத்திக்கொண்டு வருகிறது. பழங்குடி நலத்துறையில் வேலை செய்யப்போகும் மாணவர்களுக்கு நான் சொல்வது, முதலாவதைக் குலைக்காமல் இரண்டாவதற்குத் துணை நில்லுங்கள் என்பதே. தோடர் பெண்ணுக்குப் பள்ளிப்படிப்பும் மருத்துவமும் மேய்ச்சல் நிலத்தின்மேல் உரிமையும் உறுதியாக இருந்தால், யாரை மணப்பது என்பதை அவளே தீர்மானிப்பாள். அவளுடைய குழந்தைக்கு எந்தச் சடங்கு வேண்டும் என்பதையும் அவளே தீர்மானிப்பாள். அதை அவளுக்காக முடிவுசெய்யும் பொறுப்பை நமக்கு யாரும் தரவில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் தோடரிடம் கேட்ட அதே கண்டிப்போடு நம் சாதிகளிடமும் குடும்பங்களிடமும் கேட்போம். கேட்டால், திருத்தவேண்டிய வேலை மலைமேல் இருப்பதைவிடச் சமவெளியில் பல மடங்கு கிடக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள நேரும்.